மஞ்சள் மணிகளின் சாட்சியம்

 

தமிழில் 'மணி' என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். நெல்லும் மணி, முத்தும் மணி, கோயிலில் ஒலிப்பதும் மணி. அன்பு மிகும்போது குழந்தையும் மணி. சிறியதாய், உருண்டதாய், விலைமதிப்புடையதாய் இருப்பவற்றுக்கு வழங்கிய அப்பெயர் இன்று மதிப்பில்லாத ஒன்றையும் சுட்ட நேர்ந்திருக்கிறது. கடற்கரையில் அலை ஏறி மீளும் எல்லையில், கடற்பாசியும் சிப்பியோடும் சுள்ளியும் ஒரு கோடுபோல் ஒதுங்கிக் கிடக்கும் இடத்தில் குனிந்து நோக்கினால், பயறளவில் உருண்டையாகவும் தட்டையாகவும் சில மணிகள் தென்படும். சில பால்வெண்மை, சில தேன்நிறம், சில நன்கு முற்றிய மஞ்சள். மீன் முட்டை என்று கருதிக் கடந்து செல்வோர் உண்டு. பறவைகளும் மீன்களும் அவ்வாறே கருதி விழுங்கிவிடுகின்றன. அவை பிளாஸ்டிக் மணிகள்.

வீட்டிலுள்ள வாளி, குடம், நாற்காலி, தண்ணீர்க் கேன், மருந்துப் புட்டி ஆகிய யாவும் முதலில் இந்த மணிகளாகவே பிறந்தவை. பெட்ரோலிய ஆலைகளில் உருவாகும் பிளாஸ்டிக்கை அப்படியே ஊர் ஊராக அனுப்ப இயலாது. ஆதலின் அதனைக் குருணையாக்கி, 25 கிலோ மூட்டைகளில் கட்டி அனுப்புகின்றனர். பொருள் செய்யும் பட்டறையில் அந்தக் குருணை உருக்கப்பட்டு அச்சில் வார்க்கப்படுகிறது. வணிகத் தெருவில் இதற்குத் 'தானா' என்று பெயர். தானியமணியைக் குறிக்கும் வடநாட்டுச் சொல் அது. இந்த அவையில் அமர்ந்திருப்போருள் சிலர் அந்த மூட்டைகளைக் கண்ணால் கண்டவர்களாகவே இருப்பர்.

ஒரு மணியின் எடை ஏறத்தாழ 20 மில்லிகிராம். ஒரு கிலோவில் ஏறத்தாழ 50,000 மணிகள் அடங்கும். மூட்டை கிழிந்தால் நூறு மணி சிந்தும். கூட்டுபவர் அதனைச் சாக்கடைக்குள் தள்ளிவிடுவார். மழை வந்தால் சாக்கடை ஆற்றுக்கும் ஆறு கடலுக்கும் கொண்டு சேர்க்கும். கப்பலிலிருந்து கொள்கலன் கவிழ்ந்தாலோ, கோடிக்கணக்கில் சிந்தும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மட்டும் 2019ஆம் ஆண்டில் சூழலில் சிந்திய மணிகள் 52,000 டன்னுக்கும் 1,84,000 டன்னுக்கும் இடைப்பட்டவை என்று அந்த ஒன்றியமே மதிப்பிட்டிருக்கிறது. மதிப்பீட்டின் இரு எல்லைகளுக்கும் இடையே இத்துணை இடைவெளி இருப்பதே, சிந்தியதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதைக் காட்டும்.

குப்பை என்ற அளவில் இந்தச் செய்தி இன்று பள்ளிக் குழந்தைகளுக்கும் தெரியும். பலரும் அறியாதது வேறொன்று. இந்த மணிகள் கடலில் மிதக்கும் காலத்தில், அந்தக் கடலில் கலந்துள்ள நஞ்சுகளைத் தம்முள் ஈர்த்துச் சேமித்துக் கொள்கின்றன. ஆகவே கரையில் ஒதுங்கிய ஒரு மணியைச் சோதித்தால், அது மிதந்து வந்த நீரில் என்னென்ன இருந்தன என்பதை அறியலாம்.

இதன் முதல் குறிப்பு 1972ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்ட் கார்ப்பென்டரும் உடன் ஆய்ந்தோரும் நியூ இங்கிலாந்தின் தென்கரையோரக் கடலில் பாலிஸ்டைரீன் உருண்டைகள் மிதப்பதைக் கண்டனர். சில மீன்கள் அவற்றை விழுங்கியிருந்தன. அந்த உருண்டைகளில் பி.சி.பி. என்னும் நச்சு வேதிப்பொருள் பத்து இலட்சத்தில் ஐந்து பங்கு இருந்தது; அது சுற்றியுள்ள கடல்நீரிலிருந்து ஏறியிருத்தல் வேண்டும் என்று அவர்கள் எழுதினர். அறிவியல் உலகம் அதனைப் படித்தது. பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பெரிதாகப் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டது.

நஞ்சு மணியில் ஏறுவது எவ்வாறு என்பதை அடுக்களையில் அன்றாடம் காணலாம். எண்ணெய்ப் பிசுக்குள்ள பிளாஸ்டிக் டப்பாவை வெறும் தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் பிசுக்கு போவதில்லை. எண்ணெய் நீரை வெறுத்துப் பிளாஸ்டிக்கைப் பற்றிக்கொள்கிறது. பிளாஸ்டிக்கும் பெட்ரோலியத்தின் வழித்தோன்றலாதலால் இரண்டும் ஓரினம். பி.சி.பி., டி.டி.டி. போன்றனவும் இவ்வாறு நீரை வெறுத்து எண்ணெயை விரும்பும் தன்மையுடையவை. பரந்த கடல்நீரில் அவை மிக மிகச் சிறிய அளவிலேயே கலந்திருக்கும்; ஒரு பிளாஸ்டிக் மணி எதிர்ப்பட்டால் அதனைப் பற்றிக்கொள்ளும். அதே தன்மையினாலேயே அவை மீனின் கொழுப்பிலும் பறவையின் கொழுப்பிலும் தாய்ப்பாலிலும் சென்று தங்குகின்றன. தொழிற்சாலை எதுவுமற்ற வடதுருவப் பகுதியில் வாழும் இனுவிட் தாய்மாரின் பாலில், தென்கனடாத் தாய்மாரின் பாலில் இருந்ததைவிடப் பலமடங்கு பி.சி.பி. இருப்பது 1980களின் இறுதியில் தெரியவந்தது. அவர்கள் அதனைச் செய்தவருமல்லர், பயன்படுத்தியவருமல்லர். கடல்வாழ் விலங்குகளின் கொழுப்பு அவர்களது உணவாக இருந்தது, அவ்வளவே.

மணிகளைப் பற்றிய ஆராய்ச்சியை மீண்டும் கையிலெடுத்தவர் ஜப்பானியப் பேராசிரியர் ஹிதேஷிகே தகாதா. டோக்கியோ வேளாண்மை தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவரும் அவர் குழுவினரும் ஜப்பானின் நான்கு கடற்கரைகளில் மணிகளைப் பொறுக்கிச் சோதித்து, 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு கிராம் மணியில் 4 முதல் 117 நானோகிராம் வரை பி.சி.பி. இருந்தது. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இது அற்பம் என்று தோன்றலாம். ஆனால் சுற்றியுள்ள கடல்நீரோடு ஒப்பிட்டால் மணியிலிருந்த செறிவு ஓர் இலட்சம் முதல் பத்து இலட்சம் மடங்கு மிகுதி. அந்த நஞ்சு மணியிலேயே பிறந்திருக்கலாமன்றோ என்ற ஐயத்தை நீக்க, அவர்கள் புத்தம்புது மணிகளை டோக்கியோவின் கெய்ஹின் கால்வாயில் ஆறு நாள் அமிழ்த்தி வைத்தனர். நாளுக்கு நாள் பி.சி.பி. ஏறிக்கொண்டே சென்றது, ஆறாம் நாளிலும் நின்றபாடில்லை. எளிய சோதனைதான், ஐயம் அதனோடு தீர்ந்தது.

இங்கிருந்து தகாதாவுக்கு ஓர் எண்ணம் எழுந்தது. கடலில் உள்ள நஞ்சை அளப்பது செலவு மிக்க பணி. கப்பல் வேண்டும், பெருமளவு நீரை வடிக்கும் கருவி வேண்டும், தேர்ந்த ஆட்கள் வேண்டும். அதற்கு மாற்றாக 1975இல் எட்வர்ட் கோல்ட்பெர்க் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு வழி கூறியிருந்தார். பாறையில் ஒட்டி வாழும் மட்டிச் சிப்பிகள் நாள்தோறும் ஏராளமான நீரை வடித்து உண்பவை. அவற்றின் தசையைச் சோதித்தால் அந்த நீரின் நிலை புலப்படும் என்றார். நல்ல வழிதான்; பல நாடுகள் பின்பற்றின. ஆனால் மட்டி எல்லாக் கரையிலும் வாழ்வதில்லை; பிடித்தபின் உறைநிலையில் காத்து அனுப்ப வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த உயிரைக் கொன்றாக வேண்டும். பிளாஸ்டிக் மணிக்கு இவையொன்றும் தேவையில்லை. உலகின் எந்தக் கரையிலும் கிடக்கிறது. அலுமினியத் தாளில் சுற்றிச் சாதாரண அஞ்சல் உறையிலிட்டு அனுப்பலாம். ஓர் உயிருக்கும் ஊறு நேர்வதில்லை. இந்த அவைக்கு அந்தக் கடைசி வசதியின் அருமையை எடுத்துரைக்கத் தேவையில்லை.

2005இல் தொடங்கிய அந்தத் திட்டம் 'பன்னாட்டு மணிக் கண்காணிப்பு' எனத் தமிழில் பெயர்க்கத்தக்க ஆங்கிலப் பெயரால் வழங்குகிறது. ஆசிரியர், மாணவர், சுற்றுலாச் சென்றவர் எனப் பலரும் தத்தம் கரையில் பொறுக்கிய மணிகளை டோக்கியோவுக்கு அனுப்பினர். 2009இல் வெளிவந்த முதல் பெரிய அறிக்கை 17 நாடுகளின் 30 கடற்கரைகளைப் பற்றிப் பேசிற்று. பொறுக்கியவர் யாரென்று பார்த்தால் பெரும்பாலும் எளிய மனிதர். அவர்கள் அனுப்பிய உறைகளிலிருந்து வெளிவந்ததோ, வல்லரசுகள் மறக்க விரும்பிய பழங்கணக்கு.

அந்தக் கணக்கில் பி.சி.பி. மிகுதியாக இருந்தவை அமெரிக்கக் கரைகள். அடுத்து மேற்கு ஐரோப்பாவும் ஜப்பானும். வெப்பமண்டல ஆசியாவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குறைவு. காரணம் வெளிப்படை. மின்மாற்றிகளிலும் பிற மின்கருவிகளிலும் எண்ணெயாகப் பயன்பட்ட பி.சி.பி.யை மிகுதியாகச் செய்து மிகுதியாகப் பயன்படுத்தியவை தொழில்வளம் பெருத்த நாடுகளே. ஜப்பானில் 1968ஆம் ஆண்டு அரிசித் தவிட்டெண்ணெயில் பி.சி.பி. கலந்து, அதனை உண்ட மக்கள் யூஷோ என்னும் கொடிய நோய்க்கு ஆளாயினர். 1972இல் அங்கே அதன் உற்பத்தி நின்றது. அமெரிக்கா 1979இல் தடை செய்தது. தடை வந்து முப்பது ஆண்டுகள் கடந்த பின்னும் மணிகளில் அது காணப்படுகிறதென்றால், துறைமுகங்களின் அடிச்சேற்றில் உறங்கும் நஞ்சு அலையும் கப்பலும் கிளறும்போதெல்லாம் மேலெழுகிறது என்பதே பொருள்.

டி.டி.டி.யின் கதை இன்னும் தெளிவானது. அந்த அறிக்கையில் அமெரிக்காவின் மேற்குக் கரை மணிகளில் அதன் அளவு உயர்ந்து காணப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் அருகே டாரன்ஸ் என்னும் ஊரில் 1947 முதல் 1982 வரை மாண்ட்ரோஸ் என்ற ஆலை டி.டி.டி. செய்துவந்தது. அதன் கழிவு நகரின் கழிவுநீர்க் குழாய் வழியே கடலுக்குச் சென்றது. 1950களின் இறுதியிலிருந்து 1970களின் தொடக்கம் வரை அவ்வாறு சென்ற டி.டி.டி. 1,700 டன் என்று அந்நாட்டு அரசு மதிப்பிட்டது. அதன் விளைவை முதலில் சொன்னவை மணிகள் அல்ல, பறவைகள். அருகிலுள்ள அனகாப்பா தீவில் கூடு கட்டும் பழுப்புக் கூழைக்கடாக்களின் முட்டையோடு மெலிந்து போயிற்று. அடைகாக்க அமர்ந்த தாயின் எடை தாங்காமல் முட்டை நொறுங்கிற்று. 1970ஆம் ஆண்டில் அந்தத் தீவில் இருந்த 552 கூடுகளிலிருந்து உயிரோடு வளர்ந்த குஞ்சு ஒன்றே ஒன்று. டி.டி.டி. 1972இல் அங்கே தடை செய்யப்பட்டது. பறவைகள் மெல்ல மீண்டன. 2009இல் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அதே 2009இல்தான் அந்தக் கரையின் மணிகள், கடலடியில் நஞ்சு இன்னும் கிடக்கிறது என்று தெரிவித்தன. பறவை மீண்டுவிட்டது, சேறு மீளவில்லை.

வியட்நாம் மணிகளிலும் டி.டி.டி. மிகுந்திருந்தது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. டி.டி.டி. காலப்போக்கில் சிதைந்து டி.டி.இ. எனவும் டி.டி.டி. அல்லாத வேறு சில எனவும் மாறும். பானையில் தயிர் மட்டும் இருந்தால் பால் கறந்து நெடுநேரம் ஆயிற்று என்றும், பாலே மிகுதியாக இருந்தால் அண்மையில்தான் கறந்தது என்றும் அறிவதில்லையா? அதுபோலவே சிதையாத டி.டி.டி. மிகுதியாக இருந்தால் அது அண்மைப் பயன்பாடு. வியட்நாம் மணிகளில் இருந்தது பெரிதும் சிதையாத டி.டி.டி.; மலேரியாக் கொசுவை ஒழிக்க அது இன்னும் தெளிக்கப்பட்டு வந்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். தென் ஆப்பிரிக்கப் பகுதி மணிகளிலோ எச்.சி.எச். மிகுந்திருந்தது. நம் உழவர்கள் பி.எச்.சி. தூள் என்று அறிந்திருந்த பொருள் அது. இந்தியாவில் 1997இல் தடை செய்யப்பட்டது. ஒரு பிடி மணி, நஞ்சின் பெயரை மட்டுமன்றி அதன் வயதையும் கூறிவிடுகிறது.

இங்கே ஒரு நேர்மையான வேறுபாட்டைச் சுட்டியாக வேண்டும். டி.டி.டி.யை ஆலைக் கழிவாகக் கொட்டுவதும், மலேரியாவால் குழந்தை இறக்கும் ஊரில் வீட்டுச் சுவரில் தெளிப்பதும் ஒரே தட்டில் வைக்கத்தக்கன அல்ல. 2001இல் உருவாகி 2004இல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை பன்னிரண்டு கொடிய நஞ்சுகளைக் கட்டுப்படுத்தியபோது, நோய்க்கிருமி பரப்பும் பூச்சிகளை ஒழிக்க மட்டும் டி.டி.டி.க்கு விலக்களித்தது. அந்த விலக்கைப் பயன்படுத்திய நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. மணிகள் யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வதில்லை. எது இருந்தது என்பதை மட்டுமே சொல்கின்றன.

எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்தல் வேண்டும். மணிகளுக்கும் அது பொருந்தும். டோக்கியோ வளைகுடாவின் ஒரே கரையில் பொறுக்கிய மணிகளைத் தனித்தனியே சோதித்தபோது, சிலவற்றில் பி.சி.பி. கிராமுக்கு 28 நானோகிராமுக்கும் குறைவாகவும், ஒன்றில் 2,300 நானோகிராமாகவும் இருந்தது. ஒன்று நேற்றுச் சிந்தியதாக இருக்கலாம். மற்றொன்று பல்லாண்டு மிதந்ததாக இருக்கலாம். ஆதலின் ஒற்றை மணியின் சொல் செல்லாது. ஐந்தைந்து மணிகளாக ஐந்து தொகுதிகள் எடுத்து, கரைப்பானில் ஊறவைத்து நஞ்சைப் பிரித்து, ஐந்து முடிவுகளுள் நடுவணதைக் கொள்வர். பாலிஎத்திலீன் மணி பாலிபுரொப்பிலீன் மணியைவிட மிகுதியாக நஞ்சை ஏற்குமாதலால் பாலிஎத்திலீனை மட்டும் பிரித்தெடுப்பர். அதிலும் மஞ்சளானவற்றையே தேர்வர். வெயிலிலும் உப்புக்காற்றிலும் நெடுநாள் கிடந்த மணியே மஞ்சளாகும். இவ்வாறு கொண்ட அளவு, மட்டிச் சிப்பியில் கண்ட அளவோடு ஒத்துப்போனது இந்த முறைக்குக் கிடைத்த வலிய சான்று.

ஹவாய், பார்படோஸ், செயின்ட் ஹெலினா, கோகோஸ் போன்ற தொலைதூரத் தீவுகளின் மணிகளும் சோதிக்கப்பட்டன. அங்கே பி.சி.பி. பெரும்பாலும் கிராமுக்கு 10 நானோகிராமுக்கும் குறைவு. பெருநகரக் கரைகளின் நூற்றுக்கணக்கான நானோகிராமோடு ஒப்பிட அது மிகச் சிறிது. ஆனால் சுழியம் எங்கும் கிடைக்கவில்லை. கடற்கரை தூய்மையானது என்று கூறுவதற்கான அடிக்கோடு இன்று சுழியத்தில் இல்லை; அதற்குச் சற்று மேலே இருக்கிறது.

சாட்சியாகும் அதே தன்மை மணியைச் சுமை தூக்கியாகவும் ஆக்குகிறது. மணியை விழுங்கும் பறவையின் உடலில் நஞ்சு இறங்குமா? வட பசிபிக்கில் மீன்வலையில் சிக்கி இறந்த 12 குட்டைவால் ஷியர்வாட்டர் பறவைகளைத் தகாதா குழுவினர் ஆராய்ந்தனர். மூன்றின் கொழுப்பில், அவை உண்ணும் மீன்களில் இல்லாததும் அவற்றின் இரைப்பையிலிருந்த பிளாஸ்டிக்கில் இருந்ததுமான ஒருவகைத் தீத்தடுப்பு வேதிப்பொருள் காணப்பட்டது. நஞ்சு பிளாஸ்டிக்கிலிருந்து உடலுக்குச் செல்லக்கூடும் என்பதற்கு அது சான்று. எனினும் பறவைக்கு நஞ்சு பெரிதும் இரையின் வழியேதான் வருகிறது, பிளாஸ்டிக் வழி வருவது சிறுபங்கே என்று வாதிடும் அறிஞரும் உளர். இரு சாராரும் தம் கையிலுள்ள அளவீடுகளைக் கொண்டே பேசுகின்றனர். ஆகவே மேடைகளில் சிலர் முழங்குவதுபோல் ஒவ்வொரு மணியும் ஒரு நச்சுக்குண்டு என்று சொல்வது பொருந்தாது.

இனி அண்மைக் கடல். 2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் என்னும் கப்பலில் தீப்பற்றி, ஜூன் 2 அன்று அது மூழ்கத் தொடங்கிற்று. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் ஏறத்தாழ 1,680 டன். ஒரு கிலோவுக்கு 50,000 எனக் கொண்டால் 8,400 கோடி மணிகள். நீர்கொழும்புப் பகுதியில் மணலே தெரியாவண்ணம் வெண்மை படர்ந்தது; மீனவர் வாரக்கணக்கில் கடலுக்குச் செல்ல இயலவில்லை. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கிய பிறகு, கேரளக் கரையோடு கன்னியாகுமரிக் கரையிலும் மணிகள் ஒதுங்கின. சென்னையில் கப்பல் எதுவும் கவிழ வேண்டியிருக்கவில்லை. 2015 மார்ச்சு மாதத்தில் சென்னைக் கரையில் எண்ணிய மணிகளோடு ஒப்பிட, வெள்ளம் வந்த நவம்பரில் அவை மூன்று மடங்கு இருந்தன. கூவமும் அடையாறும் ஊருக்குள்ளிருந்தே அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தன.

இத்தகைய பெருஞ்சிந்தலுக்குப் பின் ஆர்வமுள்ள மாணவர் கரைக்குச் சென்று வெண்மணிகளை அள்ளிச் சோதனைக்கு அனுப்ப நினைப்பது இயல்பு. அதனால் பயனில்லை. புதுமணி அந்தக் கடலை அறியாது. அதைச் சோதித்தால் கடல் தூய்மையானது என்ற பொய்ச் சாட்சியே கிடைக்கும். எரிந்த கப்பலின் மணியோ, தீயிலும் கப்பலிலிருந்த பிற சரக்கிலும் ஏற்ற வேதிப்பொருளைச் சொல்லுமேயன்றிக் கடலைச் சொல்லாது. கோடிக்கணக்கான புதுமணிகளுக்கிடையே பழைய மஞ்சள் மணியைத் தேடுவது இனி கடினமாகும் என்பதும் இந்த விபத்துகள் விளைத்த, செய்தித்தாள்களில் வராத ஓர் இழப்பு.

தேடும் முறை எளிது. கடைசியாக அலை ஏறிய கோட்டையும், அதற்கு மேலுள்ள பழைய கோடுகளையும் பார்க்க வேண்டும். மழைநீர் ஓடை வந்து விழும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். அங்கே கிடப்பவை ஊரிலிருந்து நேரே வந்தவை. கையில் எண்ணெயோ களிம்போ பூசியிருத்தல் கூடாது; மணி அதனையும் ஏற்றுக்கொள்ளும். நூறு முதல் இருநூறு மணிகள் போதும். மஞ்சளும் தேன்நிறமும் மிகுதியாக இருத்தல் நன்று. பிளாஸ்டிக் பையிலிடாமல் அலுமினியத் தாளில் சுற்றி, கரையின் பெயரையும் பொறுக்கிய நாளையும் எழுதி உறையிலிட வேண்டும். சோதனை முடிந்ததும் அந்தக் கரையின் அளவுகள் பொறுக்கியவருக்கே மின்னஞ்சலில் வந்து சேரும்.